மூன்றுக்கு இரண்டில் நட்ட கொடிக்கம்பு

கீழ்ப்பிரிவு,
வட்டகொடை.
23-1-1955, ஞாயிறு காலை.

வட்டவளைப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து, நாலு பிரிவுச் சனங்களின் வயிற்றையும் காப்பாற்றி வருகிற என் மரியாதைக்குரிய மச்சான் கந்தப்பன் அவர்களுக்கு, கீழ்ப்பிரிவுக் கங்காணி ஆண்டியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே மாரியாத்தா புண்ணியத்தில் நான், உங்கள் தங்கச்சி காளியாயி, உங்கள் மருமகள் நாகலெட்சுமி, போன மாதம் கன்று போட்ட பசு, என் இரண்டு முழங்கால்கள் எல்லாரும் சுகம். அதுபோல் அங்கே நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால்களைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தங்கச்சி யாரையோ பிடித்து என் இடது காலைப் பற்றி உங்களுக்கு என்னமோ எழுதி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அதை நம்ப வேண்டாம். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய தைலத்தை நான் திறக்கக்கூட இல்லை. மூடி சரியில்லாததால் அது தானாகவே கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல் தைலம் எதுவும் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

நிற்க, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற தை இருபது புதன்கிழமை நடக்கும் என்று மஞ்சள் தடவி உங்களுக்கு எழுதிய நாகலெட்சுமி கல்யாணம் நின்றுவிட்டது. தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு நீங்கள் ரயில் ஏற வேண்டாம். ஹட்டனில் சொல்லி வைத்த கூறைச் சேலையையும் எடுக்க வேண்டாம். மாப்பிள்ளை குடிகாரனா என்று கேட்பீர்கள். இல்லை, அவன் வாயில் வெற்றிலைகூடப் போடாதவன். வேறு இடத்தில் தொடுப்பா என்றால் அதுவும் இல்லை. சீர்வரிசைத் தகராறும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டை மூன்றுக்கு இரண்டாகப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் நின்றது. நீங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டு மீதியைப் படித்து, நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை அழகுமுத்து மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், மூக்கன் கங்காணியின் ஒரே மகன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கீழ்ப்பிரிவுக்கும் அவர்கள் மேல்பிரிவுக்கும் நடுவில் ஓயா ஓடுகிறது. ஓயாவின் மேல் பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் நஸார் நானாவின் கடை. கீழ்ப்பிரிவிலிருந்து கடை வரைக்கும் வண்டிப் பாதை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். பாலத்தைத் தாண்டினால் மேல்பிரிவுக்குக் கல் படிதான், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். கார்த்திகையில் பரிசம் பேச நாங்கள் பத்துப் பேர் அந்தப் படி ஏறிப் போனோம். வழியில் நான் ஆறு இடத்தில் உட்கார்ந்தேன். களைப்பினால் அல்ல. கங்காணி என்பவன் எந்த மலைக்குப் போனாலும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பான், அதைக் குனிந்து பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. எங்களைக் கூட்டிப்போக இறங்கி வந்த மாப்பிள்ளைப் பையன் எல்லாரையும் முன்னால் போகவிட்டு, எனக்குப் பின்னால் மெதுவாக ஏறி வந்தான். நான் உட்கார்ந்தபோதெல்லாம் அவனும் நின்று தன் செருப்பு வாரைச் சரிசெய்தான். ஆறு தடவை சரிசெய்தான். ஒரு வாரைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத ஆளாக இருக்கிறானே என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. நான் அதை அப்போதே பெரிசாக எடுத்திருக்க வேண்டும்.

பரிசம் நல்லபடியாக முடிந்தது, வெற்றிலை மாற்றினோம், சாப்பாட்டுக்கு உட்காரும்போது வினை வந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தப்படித்துக்கொண்டு மேலிருந்து இறங்கி வருவார்கள், நாங்கள் ஆலாத்தித் தட்டும் சந்தனமும் எடுத்துக்கொண்டு கீழிருந்து எதிரே போவோம், இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடத்தில் சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்வோம், இது நம் சனங்களுடைய வழக்கம்தானே. அந்த இடம் எது என்று யாரோ வேலையில்லாதவன் கேட்டுவிட்டான். நான் பாதி வழி என்றேன். மூக்கன் அதெப்படி என்று பிடித்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் யாருக்குப் பெண் எடுத்தாலும் பெண் வீட்டுக்காரர் மூன்று பங்கு நடந்து வருவார்களாம், இவர்கள் இரண்டு பங்குதான் இறங்குவார்களாம், அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே அப்படியாம். சொல்லிவிட்டு, கங்காணிக்கு மூன்று பங்கு வரத் தோதுப்படாதோ என்று கேட்டபடி என் காலைப் பார்த்தார். மச்சான், பந்தியில் நாற்பது பேர் இருக்கும்போது என் காலைப் பார்த்தார். எனக்கு ரோசம் தலைக்கேறிவிட்டது.

"மூணு பங்கென்னங்க மூணு பங்கு, கேட்டா அஞ்சு பங்கையும் நானே நடப்பேன்" என்றேன்.

"மூணு போதுங்க. அதுக்கு மேல நாங்க ஆசப்படல" என்றார் மூக்கன்.

சரி, மூன்றுக்கு இரண்டு என்று ஊரறியப் பேச்சாயிற்று. ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறது? முதலில் காலடி எண்ணி அளந்தோம். அவர்கள் ஆள் நெட்டை, வழி முழுவதும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது காலடி என்றான். எங்கள் ஆள் குட்டை, இரண்டாயிரத்து முன்னூற்றுப் பத்து என்றான். இரண்டு பேரையும் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடக்கச் சொன்னோம், பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகத் திரும்பி வந்தார்கள். ஆபிசில் இருக்கிற அளவுச் சங்கிலியைக் கேட்டால், துரைக்கு மனு எழுதிக் கொடு என்றார் பெரிய கிளாக்கர். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு நாலு வருஷமாகப் பதில் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு இன்னொரு மனுப் போடத் தெம்பு இல்லை. அப்போதுதான் அழகுமுத்து, அளக்கவே வேண்டாம், கணக்குப் போட்டே இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆபிசில் மாட்டியிருக்கிற தோட்டத்துப் படத்தைப் பார்த்து ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதி எடுத்து வந்து, நஸார் நானா கடை மேசையில் விரித்தான். தேயிலை ஸ்டோரின் மூலையைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை கட்டம் என்று எண்ணினால் தோட்டத்தில் இருக்கிற எந்த இடத்துக்கும் இரண்டு எண் கிடைக்குமாம். ஆள்கூறு என்று அதற்குப் பெயராம். எங்கள் மாரியம்மன் கோயில் கிழக்கே இரண்டு, வடக்கே மூன்று. அவர்கள் முருகன் கோயில் கிழக்கே பன்னிரண்டு, வடக்கே எட்டு. எங்கள் சாமிக்கு இரண்டும் மூன்றும், அவர்கள் சாமிக்குப் பன்னிரண்டும் எட்டுமா, இது என்ன ஓரவஞ்சனை, மறுபக்கத்து மூலையிலிருந்து எண்ணு என்று நான் எழுந்துவிட்டேன். ஸ்டோருக்குக் கிட்ட இருந்தால் சின்ன எண், எட்ட இருந்தால் பெரிய எண், மற்றபடி சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நஸார் நானா என்னை உட்கார வைத்தார்.

பிறகு பையன் வழியைச் சொன்னான். எங்கள் பங்கு மூன்று, அவர்கள் பங்கு இரண்டு. எங்கள் மூன்றை அவர்கள் கோயில் எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் இரண்டை எங்கள் கோயில் எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, மொத்தப் பங்கு ஐந்தால் வகுக்க வேண்டும். கிழக்கு எண்ணுக்கு ஒரு தடவை, வடக்கு எண்ணுக்கு ஒரு தடவை. நான் விடவில்லை. என் பங்கு என் வீட்டு எண்ணைத்தானே பெருக்க வேண்டும், அடுத்த வீட்டில் அதற்கு என்ன வேலை என்று மடக்கினேன்.

"நீங்க எவ்வளவு கூட நடக்குறீங்களோ அவ்வளவு எங்க வீட்டுக்குக் கிட்ட வந்துடுறீங்க மாமா. அதனால உங்க பங்கு எங்க வீட்டு எண்ணோடதான் சேரும்" என்றான்.

உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. நாம் பெற்று வளர்த்தது அடுத்த வீட்டில் போய்ச் சேர்ந்து பெருக வேண்டும், சம்பந்தம் என்றாலே அதுதானே என்று வீட்டுக்கு வந்து காளியாயியிடம் சொன்னேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். நாகலெட்சுமி அன்றைக்கு எனக்கு ஊற்றிய தேத்தண்ணியில் சீனி கூடுதலாக இருந்தது.

கணக்கை வீட்டில் வைத்து நிதானமாகப் போட்டுக் கொண்டு வருகிறேன் என்று பையன் தாளைச் சுருட்டிக்கொண்டு போனான். போன ஞாயிறு முடிவைக் கொண்டு வந்தான். கிழக்கே ஆறு, வடக்கே ஐந்து. அது எங்கே என்று பார்த்தால், சரியாக நஸார் நானா கடை வாசல். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு படிகூட இல்லை. அந்த இடத்தில் மூங்கில் கம்பு நட்டு மஞ்சள் கொடி கட்டினோம், நஸார் நானா எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். பாதை வளைந்து வளைந்து போவதால் எது இரண்டு பங்கு எது மூன்று பங்கு என்று கண்ணால் யாருக்கும் தெரியாது, தாளில் இருக்கிறது, அவ்வளவுதான். தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது. நமக்கு இவ்வளவு சௌகரியமாக ஒரு கணக்கு ஏன் வர வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை தாளை எடுத்துக்கொண்டு நஸார் நானா கடைக்குப் போய், சரக்குச் சுற்றுகிற தாள் ஒன்றை வாங்கி நானே போட்டேன். மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு, இரண்டு இரண்டு நாலு, கூட்டினால் நாற்பது, ஐந்தால் வகுத்தால் எட்டு. மூன்று எட்டு இருபத்துநாலு, இரண்டு மூன்று ஆறு, கூட்டினால் முப்பது, ஐந்தால் வகுத்தால் ஆறு. கிழக்கே எட்டு, வடக்கே ஆறு. ஆறும் ஐந்தும் எங்கே, எட்டும் ஆறும் எங்கே? பையன் தாளில் பார்த்தால், என் மூன்றை என் வீட்டு எண்ணாலேயே பெருக்கியிருக்கிறான், அவர்கள் இரண்டை அவர்கள் வீட்டு எண்ணாலேயே பெருக்கியிருக்கிறான். அவனவன் பங்கு அவனவன் வீட்டோடு. கடையில் வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் தலைகீழ். சொல்லிக் கொடுக்கத் தெரிகிறது, செய்யத் தெரியவில்லை. இந்தக் கணக்குப்படி மாப்பிள்ளை வீட்டார் மூன்று பங்கு இறங்கி வருகிறார்கள், நான் இரண்டு பங்குதான் நடக்கிறேன். நஸார் நானா என் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "சரிதான் கங்காணி. ஆனா கிட்டத்தானே வந்திருக்கு, பேசாம இருங்களேன்" என்றார். அவருக்கு என்ன தெரியும். நாளைக்கு எவனாவது கணக்குப் போட்டுப் பார்த்து, ஆண்டியப்பன் கால் முடியாமல் மாப்பிள்ளையைப் பிடித்துக் கணக்கை மாற்றிவிட்டான் என்று சொன்னால் நான் காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பேன்?

ஆகவே புதன்கிழமை காலை நானே கொடிக்கம்பைப் பிடுங்கி, சரியான இடத்தில் நடுவதற்காகத் தோளில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் படி ஏறினேன். படத்தில் எல்லாம் தட்டையாக இருக்கிறது மச்சான். கிழக்கு இருக்கிறது, வடக்கு இருக்கிறது, மலை மட்டும் இல்லை. அறுபத்தொன்றாவது படியில் ஒரு கல் ஆடியது. அது கல்லின் தப்பு, என் காலில் எந்தக் குறையும் இல்லை. நான் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் போய் உட்கார்ந்தேன். வந்ததுதான் வந்தோம், கான் சரியான ஆழத்துக்கு வெட்டியிருக்கிறதா என்று பார்ப்போமே என்று பார்த்தேன். ஒன்றரை அடி, சரியாக இருந்தது. பார்த்து முடித்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை, ஒரு மணி நேரம் பார்த்தேன். அட்டைகளும் வந்து என்னைப் பார்த்தன. கொழுந்து நிறுக்க இறங்கி வந்த வீரம்மா, என்ன கங்காணி இங்கே என்று கேட்டாள். கான் பார்க்கிறேன் என்றேன். அவள் தன் கம்பளியை அவிழ்த்துக் கொடிக்கம்பில் தூளி மாதிரிக் கட்டி, இரண்டு ஆளைக் கூப்பிட்டு, என்னை அதில் போட்டுத் தூக்கச் சொன்னாள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கம்பு நுனியில் மஞ்சள் கொடி பறந்துகொண்டே வந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள், தப்புச் சத்தம் ஒன்றுதான் குறை.

கம்பைப் பிடுங்கிய செய்தி நான் வீடு வந்து சேர்வதற்கு முன்பே மேல்பிரிவுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை வேலை விட்டதும் மூக்கன் ஆட்களோடு நஸார் நானா கடைக்கு இறங்கி வந்தார், நானும் போனேன். கொடியை உன் வீட்டு வாசலுக்கே நகர்த்தப் பார்த்தாயா என்று அவர் எடுத்த எடுப்பில் கேட்டார். இல்லை, உங்கள் வீட்டுப் பக்கம் நகர்த்தத்தான் கொண்டுபோனேன், உங்கள் மகன் போட்ட கணக்குத் தப்பு, சரியான கணக்குப்படி மூன்று பங்கு நான்தான் நடக்க வேண்டும் என்றேன். இதைக் கேட்டு மனுஷன் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? அவர் கேட்டது அதுதானே. முகம் கறுத்துப் போய்விட்டது.

"எம் மவன் கணக்கு தப்புன்னா, அவங்கிட்டப் படிக்கிற அம்பது புள்ளைங்க படிப்பும் தப்பா? அவன் போட்டதுதான் கணக்கு. மூணு பங்கு நாங்கதான் நடப்போம்" என்றார்.

விடுவேனா? முடியாது, மூன்று பங்கு எனக்குத்தான் என்றேன். அவர் எனக்கு என்றார். கார்த்திகையில் அதிகம் நடக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்ற மனுஷனும், பாதி வழிதான் என்று சொன்ன நானும், தையில் நான்தான் அதிகம் நடப்பேன் நான்தான் அதிகம் நடப்பேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு பிரிவுச் சனமும் கூடிச் சிரித்தது. ஆளுக்கு ஐந்து பங்கும் நடந்து, அவர் உங்கள் வீட்டிலும் நீங்கள் அவர் வீட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார் நஸார் நானா. கடைசியில் பையனையே கூப்பிட்டோம். அவன் வந்தான். என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கணக்கை எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்லு, விட்டுவிடுகிறேன் என்றேன்.

"நான் போட்டது போட்டதுதான் மாமா" என்றான்.

எவ்வளவு திமிர் பாருங்கள். தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளாதவன் நாளைக்கு என் பெண்ணிடம் எதை ஒத்துக்கொள்வான்? எந்த எண்ணை எதோடு பெருக்குவது என்று தெரியாதவனுக்கு எங்கள் வீட்டில் பெண் இல்லை என்று சொன்னேன். எங்களுக்கும் வேண்டாம் என்றார் மூக்கன். பரிசத்தில் மாற்றிய வெற்றிலைத் தட்டு வெள்ளிக்கிழமை காலை எங்கள் லயத்து வாசலுக்குத் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து உங்கள் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போடுகிற சத்தத்தில்தான் எனக்கு விஷயம் தெரியவேண்டியிருக்கிறது. நாகலெட்சுமி அழவில்லை. கல்யாணத்துக்கென்று தைத்து வைத்த இரண்டு ரவிக்கையையும் மடித்துப் பெட்டியில் அடியில் போட்டாள். நேற்று என் காலுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கணக்கத் தப்பாப் போட்டாருங்கிறதுக்காகவாப்பா?"

ஆமாம் என்றேன். ஒத்தடத் துணி ஆறிப் போய்விட்டது, அதைக் காலிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். (ஒத்தடம் சும்மா குளிருக்காக.) எனக்கு மனசு சரியில்லைதான் மச்சான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு கணக்குதானே.

உங்களால் எனக்கு ஆக வேண்டியது ஒன்று. பையன் எழுதிக் கொடுத்த தாளையே இத்துடன் வைத்து அனுப்புகிறேன். அங்கே பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரிடமாவது காட்டி, இது தப்பு, ஆண்டியப்பன் சொல்வதே சரி என்று எழுதிக் கையெழுத்து வாங்கி உடனே அனுப்புங்கள். அதை மூக்கன் வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். ஓட்டுப் போட உரிமை இல்லாவிட்டாலும் பெருக்கல் கணக்காவது எங்களுக்குத் தெரியும் என்று மேல்பிரிவு தெரிந்துகொள்ளட்டும். உங்கள் பக்கத்தில் கணக்குத் தெரிந்த பையன் யாராவது இருந்தால் சாதகம் வாங்கி வையுங்கள். அவசரமில்லை.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் எல்லாரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வளர்ந்து, நல்லது கெட்டதுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்து வருகிற தூரத்தில் குடியிருந்து, நீடூழி வாழ வேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மச்சான்,
ஆண்டியப்பன், கங்காணி.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், படிக்காவிட்டால் ரொம்ப நல்லது. கடிதத்தை முடித்து, கவருக்குள் வைக்கச் சொல்லிப் பையனின் தாளை நாகலெட்சுமியிடம் கொடுத்தேன். மடிக்கப் போனவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு அதை என் முன்னால் வைத்தாள். முன்பக்கம் மையில் எழுதியிருந்ததை மட்டும்தான் நாங்கள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் பென்சிலில், அழித்தும் சரியாக அழியாமல், அதே கணக்கு இருக்கிறது. மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு, இரண்டு இரண்டு நாலு, நாற்பது, எட்டு. மூன்று எட்டு இருபத்துநாலு, இரண்டு மூன்று ஆறு, முப்பது, ஆறு. கிழக்கே எட்டு, வடக்கே ஆறு. ஒரு எண் பிசகவில்லை. அதற்குக் கீழே அவன் கையெழுத்தில், பொடியாக, இப்படி எழுதியிருக்கிறது: "அந்த இடத்துக்குப் பாலத்திலிருந்து 214 படி. பரிசத்தன்று மாமா ஆறு இடத்தில் உட்கார்ந்தார். சொன்னால் கேட்க மாட்டார். கடை வாசல் வரைக்கும் படி இல்லை."

நான் எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று அவனும் எண்ணியிருக்கிறான். செருப்பு வாரைச் சரிசெய்ததாக நான் எழுதினேனே, அந்த வாரில் ஒரு குறையும் இருந்திருக்காது. அத்தனை சனத்துக்கு முன்னால் கணக்குத் தெரியாதவன் என்று நான் கத்தியபோது, காரணத்தைச் சொல்லியிருந்தால் தலை குனிந்திருக்கப் போவது நான். அதற்காக வாத்தியார் வேலை பார்க்கிறவன் தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மச்சான், நான் அழுதுவிட்டேன். உங்கள் தங்கச்சி மூன்று நாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள். பேசியதை இங்கே எழுத முடியாது.

மூக்கனிடம் உண்மையைச் சொல்ல வழியில்லை. மகன் தெரிந்தே அப்பனை அதிகம் நடக்கவிட்டான் என்று தெரிந்தால் அந்த வீட்டில் வேறு சண்டை வரும். ஆகவே இன்றைக்கே மேல்பிரிவுக்குப் போய், கணக்கில் பிசகினது நான்தான், பெருக்கல் எனக்குச் சரியாக வராது, மாப்பிள்ளை போட்டதுதான் சரி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு வரப் போகிறேன். அஞ்சு பங்கையும் நானே நடப்பேன் என்று பரிசத்தன்று வீராப்புப் பேசினேன் அல்லவா, இன்றைக்கு நடக்கிறேன். கொடிக்கம்பை ஊன்றிக்கொண்டு போகிறேன், வருகிற வழியில் கடை வாசலில் பழைய இடத்திலேயே நட்டுவிடுவேன். படியில் எத்தனை இடத்தில் உட்கார வேண்டுமோ அத்தனை இடத்திலும் உட்காருவேன், செடியையோ கானையோ பார்க்கப் போவதில்லை.

தாளை உங்களுக்கு அனுப்பவில்லை. நாகலெட்சுமி அதை வாங்கித் தன் பெட்டியில் ரவிக்கைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டாள், கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். நீங்கள் கூறைச் சேலையை எடுத்துக்கொண்டு, தங்கச்சி பிள்ளைகளோடு, தை இருபது காலை எட்டு மணிக்குக் கிழக்கே ஆறு, வடக்கே ஐந்துக்கு வந்து சேருங்கள். ரயிலை விட்டு இறங்கி நஸார் நானா கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம் மார்கழியிலேயே முடிந்துவிட்டது. வரும்போது இரண்டு போத்தலாகக் கொண்டு வாருங்கள்.